நனையாத கயிறு

அந்த ரப்பர் படகில் ஒரு குறையும் இல்லை, ஐயா. நல்ல சரக்கு. பாகூர் கடைவீதியில் அப்பா காலத்திலிருந்து கயிறும் வலைநூலும் தூண்டில் முள்ளும் விற்கிற குடும்பம் எங்களுடையது. சரக்கைக் கையில் தொட்டாலே தரம் தெரிந்துவிடும். படகு ஒட்டுப்போட்ட பழசு, அதனால்தான் இரண்டு உயிர் போயிற்று என்று உங்கள் ரைட்டர் எழுதிக்கொண்டிருந்தாரே, அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். ஒரு பொருள்மீது வீண்பழி போடக் கூடாது.

அதேபோல் தமுக்கடிக்கிற தணிகைவேலையும் விட்டுவிடுங்கள். அவன் அன்றைக்குக் குடித்திருந்தான், தமுக்கை ஒழுங்காக அடிக்கவில்லை என்று பனித்திட்டுக் குப்பத்தில் பேசிக்கொள்கிறார்கள். குடித்திருந்தது உண்மை. ஆனால் தமுக்கை அடித்தான். கழிக்கரை நெடுக அடித்துக்கொண்டே போனான். என் தென்னந்தோப்பில் இருந்த மூன்று பேர் காதிலும் அது விழுந்தது. என் மனைவி சிவகாமசுந்தரி கேட்டாள். அவளுடைய மாமன் மகன் சண்முகசுந்தரம் கேட்டான். நானும் கேட்டேன்.

அது எதற்கு அடிக்கிற தமுக்கு என்று மூன்று பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதைச் சொல்லத்தான் வந்தேன். டீ வேண்டாம், குடித்துவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தேன். தோப்பில் கிடந்த கயிறு ஏன் நனையவே இல்லை என்று உங்கள் கான்ஸ்டபிள் அன்றைக்கே கேட்டார். கெட்டிக்காரர். அதற்கும் பதில் இருக்கிறது. ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

சுந்தரத்தின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு ரெயூனியன் தீவுக்குப் போனார். பையன் அங்கேயே வளர்ந்தான். கடலோர ஓட்டல் ஒன்றில் வேலை. என்ன வேலை என்று கேட்டேன். விடுமுறைக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு நீந்தவும், படகு விடவும், தூண்டில் போடவும் கற்றுக்கொடுப்பதாம். விளையாடுவதற்குச் சம்பளம்.

தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினான். முற்றத்தில் பையைக் கொட்டினான். மடித்த ரப்பர் படகு, இரண்டு துடுப்பு, சக்கரம் வைத்த தூண்டில் கழி, முகத்தில் மாட்டும் கண்ணாடி, ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மிதவைச் சட்டை. அந்தச் சட்டையை அவன் 'ஜிலே' என்பான். காலால் மிதித்து மிதித்துப் படகுக்குக் காற்றடித்தான். தெருவே வாசலில் நின்றது. சிவகாமி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

"இன்னா மாமா இது, எருமை மாதிரி உப்பிக்கினே போவுது!"

மாமா என்றாள். அது முறைதான். தாய்மாமன் மகனை எங்கள் பக்கத்துப் பெண்கள் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டிய புருஷனையும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் என்னை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. வில்லியனூரிலிருந்து, சொந்தமில்லாத அசலில் வந்தவள். கல்யாணமான புதிதில் ஒருநாள் கேட்டே விட்டேன். பக்கத்து வீட்டுத் தனக்கொடி அவள் புருஷனைக் கூப்பிடுகிறாளே, அந்த மாதிரி நீயும் கூப்பிடேன் என்று. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"போங்க. ஒறவுல இல்லாதவங்கள எப்பிடி டக்குனு கூப்புடுறது? வெக்கமா இருக்குது. தானா வர்றப்ப வரும்."

வருஷங்கள் ஓடின. பிள்ளையும் வரவில்லை, அந்தச் சொல்லும் வரவில்லை. "இன்னாங்க" என்பாள். "இன்னாங்க, சாப்புட வாங்க." "இன்னாங்க, கதவு தெறங்க." மரியாதையான சொல்தான். நானும் பழகிவிட்டேன்.

நான் பொறாமைக்காரன் இல்லை. இதை ரைட்டர் எழுதிக்கொண்டால் நல்லது. என் கடைக்கு எதிரிலேயே ஒருவன் கயிற்றுக் கடை திறந்தபோது, முதல் ஆளாகப் போய் மாலை போட்டவன் நான். அந்தக் கடை இப்போது இல்லை. அது வேறு விஷயம்.

பனித்திட்டுக்குத் தெற்கே, ஆறு கடலைத் தொடுவதற்கு முன்னால் அகலமாகத் தேங்கி நிற்கும் கழி உங்களுக்குத் தெரியும். அதன் நடுவில் எனக்கு ஒரு திட்டு இருக்கிறது. முழுக்கத் தென்னை. ஊர்ப் பக்கம் குறுகலான வாய்க்கால், அதன்மேல் இரண்டு தென்னைமரத்தைக் கிடத்திய பாலம். கடல் பக்கம் விரிந்த தண்ணீர், அதற்கப்பால் மணல்மேடு, அதற்கும் அப்பால் கடல். சுந்தரம் அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி வீசினான்.

"அண்ணே, எங்க தீவுல இதுக்குத்தான் வெள்ளைக்காரன் ஏரோப்ளேன்ல வர்றான். நீங்க இத வச்சிக்கினு தேங்கா மட்டும் பறிக்கிறீங்களே!"

சிவகாமி சிரித்தாள். என் தோப்பில் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு தினமும் திட்டுதான். நான் மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வருவேன். அவன் தூண்டிலை அவள் கையில் கொடுத்து, பின்னால் நின்று, மணிக்கட்டைப் பிடித்து வீசப் பழக்குவான். என் கடை முள்ளை எடுத்துப் பார்த்துவிட்டு, "சுறா புடிக்கவா அண்ணே இது?" என்றான். அவனுடைய குட்டி முள்ளில் ஒரு கொடுவா சிக்கியது. அவள்தான் இழுத்தாள். அதைக் குழம்பு வைத்து, தலையை அவன் இலையில் வைத்தாள். எங்கள் வீட்டில் மீன் தலை எப்போதும் என் இலைக்கு வரும். விருந்தாளி, பரவாயில்லை என்று நடுத்துண்டைச் சாப்பிட்டேன். நடுத்துண்டில் முள் குறைவு.

ஒருநாள் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முகத்தை விட்டாள். வெளியே வந்து, "இன்னாங்க, நண்டு நடந்து போறது டீவியில பாக்குற மாதிரி தெரியுதுங்க!" என்று கத்தினாள். கண்ணாடியின் ரப்பர் அழுத்தி அவள் முகத்தைச் சுற்றி ஒரு சிவப்புத் தடம். அது சாயங்காலம் வரை போகவில்லை. விளக்கு வைக்கும்போதும் இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என்னையும் கூப்பிட்டாள். அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. "நீங்களும் வாங்களேன். மாமா சட்டை குடுக்குது. அத மாட்டிக்கினா முழுவ மாட்டீங்க" என்று பலமுறை கூப்பிட்டாள். எனக்கு நீச்சல் தெரியாது. கடலோர வியாபாரி, தண்ணீரில் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு மிதந்தால் வாடிக்கைக்காரன் என்ன நினைப்பான்?

எனக்கென்று ஒரு வேலை இருந்தது. அவர்கள் திரும்பும்போது திட்டின் முனையில் நின்று கயிறு வீசுவேன். சிவகாமி எட்டிப் பிடிப்பாள். நான் படகைக் கரைக்கு இழுப்பேன். ஒரு தடவைகூட என் வீச்சு தவறியதில்லை. "அண்ணன் கை கைதான்" என்பான் சுந்தரம். கயிறு என் தொழில், ஐயா.

மீன் விற்கிற காசம்மாள் ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"இன்னா மொதலாளி, வூட்டுக்காரிய படகுல அனுப்பிட்டு நீங்க கரையில குந்திக்கினு இருக்கீங்க? மாடு மேய்க்கிறவன் மாதிரி கையில கயிறு வேற!"

"எனக்குக் கரைதான் பிடிக்கும் காசம்மா" என்றேன். அவளிடம் மீனும் வாங்கினேன்.

சுந்தரம் ஒன்றும் மறைத்தவன் இல்லை. அவனாகவே ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அங்க ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்கேண்ணே. தை மாசம் கல்யாணம். நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும். சிவகாமிக்குத் தண்ணி பயம் போவட்டும்னுதான் இப்பவே பழக்குறேன். உங்கள எப்பிடிப் பழக்குறதுன்னுதான் தெரியல" என்று சிரித்தான். நம்பும்படியாகத்தான் சொன்னான். நானும் வியாபாரிதான். நம்பும்படி பேசுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

பிறகு மேற்கே மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் தண்ணீர் வந்தபடி இருந்தது. கோடையில் கடல் கொண்டுவந்து கொட்டிய மணல்மேடு முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டிருந்ததால், வந்த தண்ணீர் எல்லாம் கழியில் தேங்கி, நெல் வயலிலும் குப்பத்து வீடுகளிலும் ஏறியது. அந்த மாதிரி சமயத்தில் குப்பத்து ஆட்கள் கூடி மணல்மேட்டில் ஒரு சின்னக் கால்வாய் வெட்டுவார்கள். முதலில் ஒரு முழ அகலம்தான் இருக்கும். தண்ணீர் நுழைந்ததும் மணலை அறுத்துக்கொண்டு அகலமாகும், அகலமாகும், கொஞ்ச நேரத்தில் கழி முழுவதும் அந்த ஓட்டை வழியாகக் கடலுக்குள் பாயும். அப்போது யானை இறங்கினாலும் நிற்காது. அதனால் வெட்டுவதற்கு முன்னால் தமுக்கு அடித்து ஆளையும் மாட்டையும் கரையேற்றிவிடுவார்கள். இதற்குக் குப்பத்தில் 'வாய் தெறக்கிறது' என்று பேர். ஆற்றுக்கு வாய் திறக்கிறார்கள்.

குப்பத்துத் தலைவரான நாட்டார் சிங்காரவேலு என் கடைக்குத்தான் வந்தார். மண் அள்ளக் கூடையும் கயிறும் வாங்கினார்.

"நாளைக்கு வாய் தெறக்குறோம் மொதலாளி. தோப்புல யாருனா இருந்தா வெளிய வரச் சொல்லிடுங்க."

"தோப்பில் யாரும் இல்லை" என்றேன். அப்போது அது பொய். தோப்பைக் காக்கும் ராமாயி இருந்தாள். பொய்யை அப்படியே விடக் கூடாது என்று உடனே போய், நெட்டப்பாக்கத்தில் இருக்கிற அவள் மகளைப் பார்த்துவிட்டு வரும்படி அனுப்பிவைத்தேன். போகும்போது ஒரு தார் வாழைப்பழமும் கொடுத்தேன். ராமாயிக்கு எதுவும் ஆகக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன்: "மழை விட்டுவிட்டது. கழி நிறைந்து கிடக்கிறது. நாளைக்குத் திட்டுக்குப் போகலாம். நான் கடை திறக்கவில்லை."

சிவகாமி என்னையே பார்த்தாள். "நீங்களா கூப்புடுறீங்க?" என்றாள். பிறகு சந்தோஷமாக அடுப்படிக்குள் போய்ப் புளி ஊறவைத்தாள். எனக்குப் புளிச்சோறு பிடிக்கும்.

காலையில் வெயில் பளிச்சென்று அடித்தது. கொடியில் இரண்டு ஜிலேயும் தொங்கின. தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தன. அங்கேயே விட்டுவிட்டுத் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தோப்பில் போய் இறங்கியதும் சுந்தரம் கேட்டான்.

"ஜிலே எங்கண்ணே?"

"இன்னும் காயவில்லை. கொடியிலேயே கிடக்கிறது."

அவன் கொஞ்சம் யோசித்தான். அவன் வேலையில் அதை யோசிக்கத்தான் சம்பளம். ஆனால் சிவகாமி, "தண்ணி கொளம் மாதிரி நிக்குது மாமா. அதுக்குப் போயி யாரு திரும்ப அவ்ளோ தூரம் நடக்குறது?" என்றாள். மாமா என்று அவள் சொன்னால் அவன் கேட்டுக்கொள்வான்.

அப்போதுதான் தமுக்குச் சத்தம் வந்தது. காற்று கடல் பக்கம் திரும்பியிருந்தது. தணிகைவேல் கத்தியதில் பாதி காற்றோடு போய்விட்டது. "...வாய் தெறக்குறாங்கோ... வாய் தெறக்குறாங்கோ..." என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"யாருக்குண்ணே வாய் தெறக்குறாங்க?" என்றான் சுந்தரம்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவன் கையில் சிவகாமியின் கண்ணாடி வளையல்கள் இருந்தன. துடுப்புப் போடும்போது உடையும் என்று அவள் கழற்றி அவனிடம் கொடுத்திருந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் கையும் சும்மாத்தான் இருந்தது.

"சாமிக்கு" என்றேன். "குப்பத்து அம்மனுக்குப் புதுச் சிலை வைக்கிறார்கள்."

"கண்ணு தெறக்கிறது கேள்விப்பட்டிருக்கேன். வாயுமா தெறப்பாங்க?" என்றாள் சிவகாமி. வில்லியனூர்க்காரி, அவளுக்கு வயல் தெரியும், முகத்துவாரம் தெரியாது.

"கடற்கரை அம்மனுக்கு உண்டு. வாய் திறந்தால்தான் படையல் ஏற்கும்."

"எங்க நடக்குது?"

"அதோ, மணல்மேட்டில். கூட்டம் தெரிகிறது பார். படகில் கிட்டே போனால் நன்றாகத் தெரியும்."

மணல்மேட்டில் ஆட்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். கூடைகள் கைமாறின. தூரத்திலிருந்து பார்த்தால் திருவிழா மாதிரிதான் இருந்தது. சிவகாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். படகில் ஏறும்போது என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாங்க, நீங்களும் வாங்களேன். ஒண்ணா கும்புட்டுட்டு வந்துடலாம்."

"நீ போய்விட்டு வா. காக்கா வரும், நான் சோற்றுக்குக் காவல் இருக்கிறேன்."

என் கணக்கு சுந்தரம் ஒருவனோடுதான். அவள் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. படகு என்றால் அவள் எப்போதும் ஏறுகிறவள், அது அவள் பழக்கம்.

பாதித் தூரம் போகும் வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தண்ணீரின் மேல் கிடந்த தென்னங்குருத்தும் நுரையும் ஒரே பக்கமாக நகர ஆரம்பித்தன. படகும் மெதுவாக நகர்ந்தது. மணல்மேட்டில் இருந்தவர்கள் அப்போதுதான் படகைப் பார்த்தார்கள். துண்டை ஆட்டிக் கத்தினார்கள். சிவகாமி திரும்பக் கையாட்டினாள். வரவேற்கிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

சுந்தரத்துக்குப் புரிந்துவிட்டது. தொழில் தெரிந்தவன். படகைத் திருப்பித் துடுப்புப் போட்டான். அப்படி ஒருவன் துடுப்புப் போட்டு நான் பார்த்ததில்லை. இழுப்புக்கு எதிராக, முழம் முழமாக, திட்டின் முனைக்கே கொண்டுவந்துவிட்டான். அங்கே ஒரு துடுப்பு கைநழுவிப் போயிற்று. உடனே தண்ணீரில் குதித்து, படகின் பின்பக்கத்தைத் தோளால் முட்டிக் கரையை நோக்கித் தள்ளினான். "அண்ணே, கயிறு!" என்றான். அதற்குள் இழுப்பு அவனைப் பிடித்துக்கொண்டது. தலை ஒருமுறை தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

அவன் தள்ளிய வேகத்தில் படகு வந்து, பழைய வலைக்காக நட்டிருந்த ஒரு சவுக்குக் கம்பில் மாட்டி நின்றது. சிவகாமி அந்தக் கம்பைக் கட்டிக்கொண்டாள். கம்பு ஆடியது, ஆனால் நின்றது.

நான் முனையில் நின்றேன். கயிறு என் கையில் இருந்தது. தினமும் வீசுகிற அதே தூரம், இன்னும் கொஞ்சம் கிட்டேகூட இருக்கலாம். புது நைலான், மூன்று புரி, இரண்டு ஆளை இழுத்தாலும் அறாது. கையைத் தூக்கினேன். வீசத்தான் தூக்கினேன், ஐயா. அதில் சந்தேகம் வேண்டாம்.

அவள் முகம் என் பக்கம் இருந்தது. ஈர முடி கண்ணில் விழுந்திருந்தது. ஒரு கையைக் கம்பிலிருந்து எடுத்து, கயிறு பிடிக்க நீட்டுவாளே, அந்த மாதிரி என்னை நோக்கி நீட்டினாள். வாயைத் திறந்து கூப்பிட்டாள்.

"மாமா!"

கையை இறக்கிவிட்டேன்.

இன்னொரு தடவையும் அதையேதான் கூப்பிட்டாள். அதற்கப்புறம் கம்பு பெயர்ந்துவிட்டது.

நான் கயிற்றைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அதனால்தான் அது நனையவில்லை. சோற்றையும் காக்கா தொடவில்லை.

சுந்தரத்தைத் தேடி அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டவளை நான் ஏன் நடுவில் புகுந்து இழுக்க வேண்டும்? அவன்தான் போய்விட்டானே, அவள் கண் எதிரில்தானே போனான் என்று நீங்கள் கேட்பீர்கள். பயத்தில் மறந்திருப்பாள். வேறு யாரையும் கூப்பிட்டிருக்க முடியாது. என் மனைவி என்னைக் கூப்பிடுவது எனக்குத் தெரியாதா?

'இன்னாங்க' என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால், வீசியிருப்பேன், ஐயா.